மூத்தவளுக்கு ஒரு பலகை

ருஃபினோவுக்குக் கடல் என்றால் கணுக்கால்வரைதான். அதற்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் ஏறினாலும் பதறிப்போய்ப் பின்வாங்கிவிடுவார். நடை பழகுகிறதற்கு முன்னால் பிள்ளைகள் நீச்சல் பழகுகிற, தீவின் கரையோர ஊரான மக்காஹாவில் இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. அவருடைய குடும்பம் மலைப்பக்கத்துப் பள்ளத்தாக்கில் பன்றி வளர்த்த குடும்பம். கரும்பு வெட்டுவதற்காகப் பிலிப்பைன்ஸிலிருந்து கப்பலில் வந்த தாத்தாவோடு அவர்களுக்கும் கடலுக்கும் இருந்த உறவு முடிந்துபோயிற்று. சின்ன வயதில் ஒருநாள் பாறையில் பாசி பறிக்கப் போனவரை அலை உருட்டிக்கொண்டு போக, யாரோ ஒரு அம்மாள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். இப்போது போனால் பிடித்து இழுக்க அந்த மயிரும் இல்லை என்று மைத்துனன் மக்கானா கேலி பண்ணுவான்.

அப்படிப்பட்ட மனிதர் கட்டிக்கொண்டது மோசஸ் கஹலேவாயின் மூத்த மகள் ஹவுனானியை. மோசஸ் சறுக்குப் பலகையில் ஏறி அலைமேல் வந்தால் கரையில் மீன் சுடுகிறவர்கள் மீனைக் கருகவிட்டுவிட்டு எழுந்து நிற்பார்களாம். பதினோரு அடிப் பலகையின் நுனிமூக்கு வரைக்கும் வீட்டு முற்றத்தில் உலாத்துகிற மாதிரி நடந்துபோய், பத்துக் கால்விரலும் வெளியே தொங்க நிற்பார். மகளும் அப்படித்தான் என்று ஊர் சொன்னது. ஹவுனானியும் அதைத்தான் நம்பினாள். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படமும் அதையே சொன்னது. பத்தொன்பது வயது ஹவுனானி, பலகையின் மூக்கில் நின்று முதுகை வில்லாக வளைத்துக் கையை விரித்திருக்கிற படம்.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் ருஃபினோவின் பிக்கப் வண்டி கடலைப் பார்த்து சீமைக்கருவேல மர நிழலில் நிற்கும். பஸ் டெப்போவில் வாரம் முழுக்க இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்த மனிதர், அன்றைக்கு வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்து பெண்டாட்டியைப் பார்ப்பார். பக்கத்தில் வினிகரில் வெந்த பன்றிக்கறியும் சோறும் மூடி வைத்திருக்கும். வேறு எதையும் பார்க்க மாட்டார், யாரோடும் பேச மாட்டார். அவள் பலகையோடு மூழ்கினால் இவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவள் தலை தெரிந்த பிறகுதான் விடுவார். பயம் பாதி, பெருமை பாதி. முப்பது வருஷம் இப்படியே போயிற்று.

போன குளிர்காலத்தில் அது நின்றுபோனது. மக்காஹா கரை சரிவானது. ஏறி வந்த அலை அதே வேகத்தில் திரும்பிக் கடலுக்குள் ஓடி, எதிரே வருகிற அலையோடு மோதும். அந்த மோதலில் அப்பா விட்டுப்போன பதினோரு அடிப் பலகை இரண்டாக முறிந்து, ஒரு பாதி ஹவுனானியின் விலாவில் இடித்தது. இரண்டு எலும்பு உடைந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, பலகை சேரவில்லை. வைத்தியர் போகலாம் என்று சொன்ன பிறகும் அவள் போகவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள். நாய் குரைத்தாலும் திட்டு, குரைக்காவிட்டாலும் திட்டு. சாப்பிட உட்கார்ந்தால் கடல் தெரிகிற ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கடைசியில் ஒருநாள் சொன்னாள். "ஒரே ஒரு போர்டு செய்யச் சொல்றேன். அது எனக்கு அமைஞ்சா சரி. அமையலன்னா இதோட விட்டுடறேன். மூத்த அலைய தம்பி மக்கானா புடிச்சுக்கட்டும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் ருஃபினோவைக் கலக்கியது. குளிர்காலத்தின் முதல் பெரிய அலை வருகிற வாரத்தில் கஹலேவாய் குடும்பம் மொத்தமும் கரையில் கூடும். அன்றைக்கு மூத்த பிள்ளை முதல் அலையைப் பிடித்துக் கரை சேர்ந்த பிறகுதான் மற்றவர்கள் தண்ணீரில் கால் வைக்கலாம். மோசஸ் போன பிறகு அந்த அலை ஹவுனானியுடையது. உயிரோடிருக்கும்போதே அதை இன்னொருவருக்குக் கொடுத்தவர் அந்தக் குடும்பத்தில் இதுவரை கிடையாது.

பலகை செய்கிறவன் லோபாகா, அவளுடைய சித்தப்பா மகன். வாய்க்காலோரத்தில் தகரம் போட்ட கொட்டகை. உள்ளே நுழைந்தால் பலகைக்கு இழைத்த நுரைப்பஞ்சின் வெள்ளைத் தூள் கண்ணிமை வரை படியும். அவர்கள் இரண்டு பேரும் போனபோது, இழைப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"வா அக்கா. விலா எப்படி இருக்கு?"

"விலா கெடக்கட்டும். பத்தடி போர்டு ஒண்ணு வேணும்."

"நீளத்த அப்புறம் பேசலாம். எப்படி ஏறுவன்னு சொல்லு மொதல்ல. முன்னாடி நடந்து போயி மூக்குல நிப்பியா, பின்னாடி நின்னு திருப்புவியா? அதுக்கேத்த மாதிரிதான செய்யணும்."

ஹவுனானி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "மோசஸ் மககிட்ட கேக்கற கேள்வியாடா இது? டயப்பர் கட்டிக்கிட்டு நீ மண்ணத் தின்னப்ப நான் மூக்குல நின்னவ."

"சரி சரி, கோச்சுக்காத. கடைக்கு வர எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

"மூக்கு அகலமா, தட்டையா. வாலு சதுரமா வை. விளிம்பு உருண்டையா இருக்கட்டும். அடியில மீன் துடுப்பு மாதிரி ஒரே ஒரு ஃபின். அப்பாவோடது எப்படி இருந்துச்சோ அப்படி, ஒரு அடி கம்மியா."

லோபாகா தலையை ஆட்டினாலும் பென்சிலை எடுக்கவில்லை. "அது மெதுவா, நீளமா வர அலைக்கு சொகமா இருக்கும் அக்கா. நம்ம அலை குளிர்காலத்துல செங்குத்தா வுழும். மூக்கு நடைக்குன்னா சரி. ஆனா நீ உள்ளுக்குள்ள எறங்கித் திருப்பணும்னா, அந்த வாலு திரும்பாது பாத்துக்க."

"நான் ஏன்டா திருப்பறேன்?"

மூலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்ற ருஃபினோ வாயைத் திறந்தார். லோபாகா அவரைப் பார்த்தான், ஹவுனானியும் பார்த்தாள். கணுக்காலுக்கு மேல் நனையாத ஆளுக்கு இந்தக் கொட்டகையில் என்ன பேச்சு? வாயை மூடிக்கொண்டார்.

"பன்னிக்கறி கொண்டாந்தேன். ஆறிடும்" என்றார்.

பலகை வந்தது. மஞ்சள் நிறம், நடுவில் மரக்கோடு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத அழகு. சனிக்கிழமை விடிந்ததும் மரத்தடியில் வண்டி நின்றது. மலையிலிருந்து காற்று இதமாக இறங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் உயரமாக, வடக்கிலிருந்து தெற்காக உடைந்தபடி அலைகள் வந்தன. ஹவுனானி கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் அலையில் எழுந்து நின்றாள். அலை முன்னால் கொட்டத் தொடங்கியபோது அவள் உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்து பலகையைத் திருப்பப் பார்த்தது. பலகை திரும்பவில்லை. கயிறு கட்டி இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்கிற பன்றி மாதிரி அடம்பிடித்து நேராகவே போய்க் கவிழ்ந்தது. அடுத்ததில் முன்னால் நடந்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் மூக்கு தண்ணீரில் குத்தியது. அதற்கடுத்ததில் வால் வழுக்கிப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிற்று.

நேராகக் கரைக்கு வந்தாள். பலகையை வண்டியில் ஏற்றி, வீட்டுக்கு வந்து, மண் தரைக்கும் வீட்டின் மரத்தளத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தள்ளிவிட்டாள். "மக்கானாகிட்ட சொல்லிடு. வயசாச்சு எனக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

அன்றைக்கு ருஃபினோ அயர்ந்து தூங்கினார். இனிமேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், அவள் கரையில் பத்திரமாக இருப்பாள் என்கிற நினைப்பு அவருக்குச் சுகமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். ஆனால் காலையில் எழுந்து பார்த்தால், ஹவுனானி முற்றத்துக் கொடியில் ஈரமே இல்லாத துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நீந்தப் போகாத வீட்டில் துண்டு எப்படி நனையும்? கை மட்டும் பழகிய வேலையைச் செய்துகொண்டிருந்தது. ருஃபினோ சட்டையை மாட்டினார். காப்பியைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு லோபாகாவின் கொட்டகைக்குப் போனார்.

"என்ன அத்தான், தனியா? அக்கா எங்க?"

"கொஞ்சம் தள்ளு."

தரையெங்கும் வெள்ளைத் தூள் கிடந்தது. ருஃபினோ முழங்கால் போட்டு உட்கார்ந்து விரலால் கோடு போட ஆரம்பித்தார்.

"இது அலை. இங்கதான் உடையும். உங்க அக்கா எல்லாரையும் விட உள்ளாற, இங்க உக்காந்திருப்பா. எழுந்த ஒடனே கீழ எறங்குவா. முட்டி மடக்கி, இடது கை தண்ணியத் தொடற மாதிரி. கீழ வந்து இப்படி ஒரு பெரிய வளைவு. அங்கேர்ந்து திரும்ப மேல. மேல போயி அலையோட விளிம்புல ஒரு கோடு, அப்புறம் கீழ, அப்புறம் மேல. கால் எங்க இருக்கும் தெரியுமா? இங்க. வாலுலேர்ந்து ரெண்டு கை தள்ளி. நடுவத் தாண்டவே தாண்டாது. மாமாவோட போர்டக்கூட உடம்புப் பலத்தாலதான் திருப்பினா, விலா உடைஞ்சப்பறம் அந்தப் பலம் இல்ல."

லோபாகா முகமூடியைக் கழற்றினான். "மூக்குக்குப் போக மாட்டாளா?"

"மாமா கரையில நின்னு பாத்துட்டிருந்தா போவா. அவர் மீன் திருப்பக் குனிஞ்சார்னா பின்னாடி வந்துடுவா."

லோபாகா சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தூளில் கிடந்த கோட்டையே பார்த்தான். பரணுக்கு எக்கி, குச்சிபோல் ஒல்லியான ஓர் அச்சுப்பலகையை எடுத்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இப்படி ஏறுறவங்களுக்கு அன்னிக்குச் சொன்ன போர்டு சரியே வராது அத்தான். ஒம்பதரை அடி போதும். மூக்கக் குறுக்கி, முன்னாடி நல்லா வளைச்சு விடணும், குத்தாது. வாலு உருண்டு கூரா முடியணும். விளிம்பு முன்னாடி மெத்துன்னு இருந்து, பின்னாடி போகப்போக கத்தி மாதிரி ஆகணும், அப்பத்தான் தண்ணியக் கடிச்சுப் புடிக்கும். நடுவுல ஒரு பெரிய ஃபின்னு, ரெண்டு பக்கமும் சின்னதா ஒண்ணொண்ணு." தலையைச் சொறிந்துகொண்டான். "ஏன் அத்தான், இத அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"நீச்சல் தெரியாதவன் பேச்ச எவன்டா கேப்பான்?"

"நான் கேட்டிருப்பேன்."

"உங்க அக்கா?"

லோபாகா பென்சிலை எடுத்தான். "கூலிக்கு ஒரு பன்னிக்குட்டி தரணும்" என்றான். "தந்தேன்" என்றார் ருஃபினோ.

புதுப் பலகை நீல நிறம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றபோது ஹவுனானி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கோழி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பலகையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"யாருக்கு இது?"

"உனக்கு."

"இந்த ஊசி மூக்கா எனக்கு? இது மேல எங்க போயி நிக்கறது? யார் செய்யச் சொன்னா?"

"நான்தான்."

அவள் உருவிய காம்பைத் தட்டில் எறிந்தாள். "யோவ், நீ ஒரு நாளாவது அந்தத் தண்ணியில எறங்கியிருக்கியா? அலையில ஏறினா எப்படி இருக்கும்னு உனக்கு என்ன தெரியும்? பஸ்ஸுக்கு டயர் மாத்தற மாதிரி நெனச்சியா?"

"எனக்கு ஏறத் தெரியாது. ஆனா நீ ஏறுறது தெரியும்."

"எனக்குத் தெரியாததா?"

"உனக்குத் தெரியாது நானி." தோளிலிருந்த பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நீளமாக அவளை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "நீ அலையில இருக்கறப்போ உன்ன நீ பாத்ததே இல்ல. எப்படிப் பாப்ப? நான்தான் பாத்தேன். ஒரு அலை விடல. கண் சிமிட்டுனா நீ முழுகிடுவியோன்னு சிமிட்டக்கூட மாட்டேன். நீ மூக்குக்கு நடக்கறவ இல்ல. உங்கப்பாதான் நடந்தார். நீ கீழ விழுந்து, வளைச்சு, மேல ஏறுறவ. உங்கப்பாவவிட வேகமா வருவ. அவர் அலைமேல உலாத்துவாரு. நீ அதோட மல்லுக்கு நிப்ப."

"அப்புறம் அது என்ன?" கூடத்துப் படத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

"அது ஒரு நிமிஷம். அன்னிக்கு அவரே கேமராவோட கரையில நின்னு 'முன்னால போ, முன்னால போ'ன்னு கத்தினார். நீ போன. படம் எடுத்து முடிச்சு அவர் தலையைக் குனிஞ்சதும், நீ ரெண்டு எட்டு பின்னாடி வந்து ஒரு திருப்பு திருப்பின பாரு. நான் பழுத்த பப்பாளியக் கையில வெச்சிருந்தேன், அமுக்கிக் கூழாக்கிட்டேன். அந்தத் திருப்ப யாரும் படம் எடுக்கல."

ஹவுனானி படத்தையே பார்த்தாள். கோழி கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"அப்பவே அங்க இருந்தியா நீ?" என்று கேட்டாள். "அப்ப நமக்குப் பழக்கமே இல்லையே."

"பழக்கம் இல்லாட்டி என்ன. கண்ணு இருந்துச்சே."

அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "கீரைய நீ உருவு" என்று சொல்லிவிட்டுப் பலகையை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஜன்னல் வழியாக ருஃபினோ பார்த்தார். பலகையைப் புல்லில் கிடத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, வாலிலிருந்து இரண்டு கை தள்ளிக் காலை வைத்து முட்டியை மடக்கினாள்.

முதல் பெரிய அலை அந்த வாரமே வந்துவிட்டது. கரை முழுக்கக் கஹலேவாய்க் கூட்டம். பந்தல் போட்டாயிற்று, குழியில் பன்றி வெந்துகொண்டிருந்தது, சட்டி சட்டியாய்ச் சேப்பங்கிழங்குக் களி. பலகைகள் மணலில் வரிசையாகக் காத்திருந்தன. மக்கானாவின் கையில் அந்த மஞ்சள் பலகை. வீட்டடியில் கிடந்ததை இழுத்து வந்து ஏறிப் பார்த்தானாம், அவனுடைய மெதுநடைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்ததாம். அக்கா எப்போது திருப்பிக் கேட்பாளோ என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே திரிந்தான்.

"அக்கா, அலை கொஞ்சம் பெருசுதான்" என்றான். "வேண்டாம்னா சொல்லு. நான்..."

"நீ சோறு எடுத்து வை" என்றாள் ஹவுனானி.

நீலப் பலகையோடு அவள் இறங்கினாள். எல்லாரும் மணலிலேயே நின்றார்கள். ருஃபினோ வழக்கம்போல வண்டியில் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. பலகை தவறிப்போனால் அது இந்த முறை அவர் செய்த தவறு. விலாவில் இடித்தால் அவர் இடித்ததாகத்தான் கணக்கு.

அவள் எல்லாரையும்விட உள்ளே போய் உட்கார்ந்தாள். வந்த அலைகளை விட்டாள், விட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வடக்கே முனையிலிருந்து ஒன்று கறுத்து எழுந்து வந்தது. ஹவுனானி திரும்பி, குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளினாள். எழுந்தாள். அலை செங்குத்தாக விழ, அவளும் அதோடு விழுந்தாள். முட்டி மடங்கியது, இடது கை தண்ணீரைத் தொட்டது. கீழே போய் ஒரு வளைவு வளைத்தாள் பாருங்கள், கரையில் இருந்த அத்தனை பேர் தொண்டையிலிருந்தும் ஒரே சத்தம் எழும்பியது. பலகை தண்ணீரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது, உடைகிற நுரைக்குச் சற்று முன்னால் கோடிழுத்தது, மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. எத்தனை பெரிய பெண்பிள்ளை அவள்! ஐம்பத்தேழு வயது என்று யார் சொல்வார்கள்? கரையை நெருங்கியபோது திரும்பி ஓடிய அலை எதிரே எழுந்து வந்தது, போன வருஷம் பலகையை முறித்ததே, அதே மோதல். ருஃபினோ மூச்சைப் பிடித்தார். அவள் பின்காலை அழுத்தி, அதன் முதுகில் ஏறி அந்தப்பக்கம் இறங்கி, இன்னும் நின்றபடியே வந்தாள். பிறகு பலகைமேல் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"யோவ்!" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள். முகமெல்லாம் சிரிப்பும் உப்புத்தண்ணீரும். "அப்பா மாதிரி இருந்துச்சா?"

"இல்ல!" என்று கத்தினார் ருஃபினோ. "உங்கப்பா மாதிரி இல்லவே இல்ல. உன்ன மாதிரி இருந்துச்சு!"

அவள் அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு மெல்ல நின்று, கண் அகலமாக விரிந்தது.

"ருஃபினோ," என்றாள், குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாக, "எங்க நிக்கற தெரியுதா?"

அவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் மார்புவரை இருந்தது. சட்டை பலூன் மாதிரி உப்பி மிதந்தது. எப்போது இறங்கினார், எப்படி நடந்தார், ஒன்றுமே தெரியவில்லை. பின்னால், ஒரு சொட்டு ஈரமில்லாத காலோடு மொத்தக் குடும்பமும் மணலில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தான்!" என்று மக்கானா கூவினான். "மூத்தவ கரையேறல! அதுக்குள்ள யாரைக் கேட்டு எறங்குனீங்க?"

கரையே சிரித்தது. ருஃபினோ திரும்பிக் கரையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பழைய பயம் வந்துவிட்டது. ஹவுனானி அதற்குள் பலகையை அவர் பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அசையாத. இதப் புடி. ரெண்டு கையாலயும் கட்டிப் புடி. உன் போர்டுதான, விடாது."

அவர் நீலப் பலகையின்மேல் மார்பைச் சாய்த்துக் கட்டிக்கொண்டார். அடுத்த அலை வந்து இருவரையும் மெல்லத் தூக்கியது. ஹவுனானி பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள். குப்புறப் படுத்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ருஃபினோ கரை சேர்ந்தார்.

மணல் தட்டியதும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"எப்படி வந்தேன்?" என்று கேட்டார்.

"பன்னி மாதிரி வந்த" என்று சொல்லி, ஹவுனானி அந்த வழுக்கைத் தலையில் ஈரத்தோடு ஒரு முத்தம் கொடுத்தாள்.